குழந்தைக்காக அக்குபங்சர் போகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், அரூரிலும் பாலக்கோட்டிலும் "விசேஷம் எதுவும் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் யாராவது ஒரு அக்குபங்சர் ஹீலரின் நம்பரைக் கொடுப்பார்கள். மனைவி மட்டும் பஸ் ஏறுவார். முதல் தவறே அதுதான். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணிடமும் காரணம் இருக்கிறது. கணவரின் விந்தணுவைப் பரிசோதிக்காமல் மனைவிக்கு ஆறு மாதம் ஊசி குத்தி என்ன பயன்? இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு லேபில் மாதிரி கொடுத்தால் முடிந்தது. அதற்கே "எனக்கென்ன குறை" என்று நழுவுகிற ஆண்கள் நிறைய.

"டெஸ்ட் எதற்கு, நாடி பார்த்தாலே தெரியும்" என்கிற இடத்தில் உட்காராதீர்கள். கருக்குழாய் அடைப்பை எச்எஸ்ஜி எக்ஸ்ரே (கருப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் படம்) காட்டும், நாடி காட்டாது. நம் நாட்டில் அந்த அடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணம். எந்தப் புள்ளியில் குத்தினாலும் அது திறக்காது. (சிலர் குத்துவதுகூட இல்லை, விரலால் தொடுவதோடு சரி.) தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தைராய்டு குறைந்தால் கருமுட்டை வெளியாவதே தடுமாறும், கரு கலையும் ஆபத்தும் கூடும்.

சரி, பலன் உண்டா? 2002இல் ஜெர்மனியில் 160 பெண்களிடம் நடந்த ஆய்வு ஐவிஎஃப்போடு (சோதனைக்குழாய்க் குழந்தை முறை) ஊசியும் போட்டால் கரு அதிகம் தங்குவதாகச் சொன்னது. பேச்சு பரவியது அங்கிருந்துதான். 2018இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 800க்கும் மேற்பட்ட பெண்களிடம் நிஜ ஊசியையும், குத்துவதுபோல் பாவனை காட்டும் போலி ஊசியையும் ஒப்பிட்டபோது குழந்தை பெற்றவர்கள் முறையே 18.3 சதவீதம், 17.8 சதவீதம். வித்தியாசமே இல்லை. அக்குபங்சர் பிறந்த சீனாவிலேயே பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள 1000 பெண்களிடம் பார்த்தார்கள். 2017இல் வந்த அந்த முடிவில் கருமுட்டை வெளியாக உதவும் குளோமிஃபீன் மாத்திரைக்குப் பலன் தெரிந்தது, ஊசிக்குத் தெரியவில்லை.

மனசு லேசாகிறது, தூக்கம் வருகிறது என்றால் போங்கள், நான் தடுக்கமாட்டேன். ஊசி உங்கள் கண்முன் உறை பிரித்த புதியதாக இருக்கட்டும்.

ஆனால் "இன்னும் பத்து சிட்டிங்" என்று நாளைக் கடத்தாதீர்கள். 35 வயதுக்குள் என்றால் ஒரு வருஷம், அதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் போய்விட வேண்டும். எடுத்தவுடனே சேலம், பெங்களூரு என்று ஓடாமல் தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கலாம். மாதவிலக்குத் தேதிகளை எழுதி, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு எடுத்துப் போங்கள்.