மெமோ எழுதுமுன் டூட்டி பட்டியலைப் பாருங்கள்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களிலும் இயங்கும் சிறிய மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்காக இதை எழுதுகிறேன். செவிலியர் ஒருவர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் உடனே மெமோ கொடுப்பது நம் வழக்கம். அந்த வாரம் அவர் எத்தனை இரவுகள் விழித்திருந்தார், அப்போது எத்தனை நோயாளிகள் அவர் பொறுப்பில் இருந்தனர் என்று விசாரிக்காமல் கொடுக்கும் மெமோ, அதே தவறு வேறொருவர் கையால் மீண்டும் நடப்பதைத் தடுக்காது.

முதலில் கடந்த மாத டூட்டி பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை 8 முதல் 2 வரை, 2 முதல் இரவு 8 வரை, பிறகு காலை 8 வரை இரவு டூட்டி என்பதே பல இடங்களில் நடைமுறை. இரவு டூட்டியே 12 மணி நேரம். மாற்று ஆள் வரவில்லை என்று அவரையே காலை டூட்டியிலும் நிறுத்தினால் அது 18 மணி நேரமாகிவிடும். அதிகாலை 3 முதல் 5 மணி வரை உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். அதை ஒட்டியே காலை 6 மணி ஊசிகளும் வருகின்றன. ஆகவே இரவில் இருவரையாவது நியமித்து, முறைவைத்து அரை மணி நேரம் கண்ணயர விடுங்கள். இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போன்றவற்றை இருவரும் சேர்ந்து சரிபார்த்த பின்னரே போட வேண்டும் என்று விதியாக்குங்கள்.

அடுத்து, மருந்து எடுக்கும் மேசையருகே ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். சிரிஞ்சில் மருந்தை ஏற்றும்போதே டிரிப்ஸ் தீர்ந்துவிட்டதென்று ஓர் உறவினர் அழைப்பார். பில் கேட்டுத் தொலைபேசி ஒலிக்கும். அந்த நேரத்துக்கு அழைப்புகளை வேறொருவர் ஏற்கட்டும். அடர் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களைச் சாதாரண ஆம்பூல்களோடு ஒரே தட்டில் வைக்கவே கூடாது; நீர்க்கச் செய்யாமல் நேராக ரத்தக் குழாயில் செலுத்தினால் அது இதயத்தையே நிறுத்திவிடும்.

இரவு 8 மணிக்கு ஓவர் கொடுப்பவரின், அதாவது நோயாளிகளை அடுத்த குழுவிடம் ஒப்படைப்பவரின் மனம் ஊருக்குப் போகும் பேருந்தில் இருக்கும். ஆரப்பாளையத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் வீடு சேர வெகுநேரமாகும் என்ற பதற்றத்தில், படுக்கை படுக்கையாக நின்று சொல்ல வேண்டியது நான்கு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. தொலைவிலிருந்து வருவோருக்குக் காலை டூட்டியைக் கொடுங்கள். இல்லையெனில் அடுத்த குழுவை 7.30 மணிக்கே வரச் சொல்லி, அந்த அரை மணிக்கும் ஊதியம் கொடுங்கள்.

1976இல் 11 படுக்கைகளுடன் இதே மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே பயிற்சி பெற்ற பெண்கள் அடுத்த நோயாளியைப் பக்கத்து மேசையில் ஆயத்தப்படுத்தி விடுகிறார்கள். அந்த வேகம் வேலையை ஒழுங்குபடுத்தியதால் வந்தது. ஆட்களை விரட்டினால் வராது.

குடிநீர், கழிப்பறை, உடை மாற்றும் அறை ஆகியவற்றை இந்த வாரமே சரிசெய்துவிடலாம். பணியாளர்களைத் தாக்குவோர் மீது 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி நடவடிக்கை உண்டு என்ற பலகையை நுழைவாயிலில் வையுங்கள். தாக்குதல் நடந்தால் புகாரை மருத்துவமனையின் பெயரிலேயே கொடுங்கள், அந்தச் செவிலியரைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பாதீர்கள்.