சின்னப் பள்ளியில் முதல் வாரம்

ஒதுக்குப்புறமான சின்னப் பள்ளியில் ஆசிரியராகப் புதிதாகச் சேர்கிறீர்களா? முதல் வாரமே பாடத்தை ஓட்ட அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். குறித்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் முன்னால் சொல்லவே வேண்டாம். பல வகுப்பும் ஒரே அறையில் என்றால், வயதைப் பார்க்காமல் வாசிப்பை வைத்துக் குழு பிரிப்பதுதான் நல்லது. ஒரு குழுவுக்குச் சொல்லித்தரும்போது இன்னொரு குழுவின் கையில் எழுத்து வேலை இருக்கட்டும். அந்த வேலையை மணியடிக்கும் முன்பே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் சத்தத்தை அடக்கவே பாதி நேரம் போய்விடும். அப்புறம், பள்ளியைப் பெருக்கும் அக்காவிடம் பேசுங்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரம் நடந்து வருகிறது, யார் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.