தலைக்காயத்துக்குப் பின் வரும் ஒருபக்கத் தலைவலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்பியல் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை அந்த வயதில் செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

மருந்தை அரைகுறை அளவில் கொடுத்துவிட்டு, ‘பயனில்லை’ என்று எழுதுவது

அடிபட்ட சில நாட்களில் தொடங்கிய வலி, பக்கம் மாறாமல் மூன்று மாதங்களுக்கும் மேலாக ஓயாதிருந்து, அது கூடும்போதெல்லாம் அதே பக்கத்துக் கண் சிவந்து நீர் வடிந்தால், ஹெமிக்ரேனியா கண்டினியுவா என்னும் அரிய நோயை நினைக்க வேண்டும். 1984இல் ஸ்யாஸ்டாட், ஸ்பியரிங்ஸ் என்னும் மருத்துவர்கள் பெயரிட்ட இந்நோய், இண்டோமெத்தசின் என்னும் வலி, அழற்சி மருந்துக்கு முற்றிலும் அடங்கும். அதுவே இதன் அடையாளம். ஆனால் வயதுவந்தவர்களில் அதைச் சோதிக்க நாளொன்றுக்குக் குறைந்தது 150 மி.கி. வேண்டும், தேவையானால் 225 வரை உயர்த்த வேண்டும். 25 மி.கி. மூன்று வேளை என்று தொடங்குவது தவறன்று, அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு.

பைக்கிலிருந்து விழுந்த ஒருவர், வலது கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றியபடியே என்னிடம் பேசினார். ‘இண்டோமெத்தசின் 25 மி.கி., இருவேளை, மூன்று நாள், பயனில்லை’ என்றிருந்தது அவருடைய கோப்பில். அந்த ஒரு வரியை நம்பி, பின்னர் பார்த்த எவரும் அம்மருந்தைத் தொடவே இல்லை. மைக்ரேன் மாத்திரைகள் மாறின, நன்றாயிருந்த கடைவாய்ப்பல்லும் போயிற்று, கடைசியில் ‘இழப்பீட்டுக்காக நடிக்கிறாரோ’ என்ற ஐயத்தையும் ஒருவர் எழுதி வைத்திருந்தார். அளவை முறையாக உயர்த்தியதும் வலி நின்றது. அந்தக் கோப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

வயிற்றையும் சிறுநீரகத்தையும் மறப்பது

இரைப்பைப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு இண்டோமெத்தசின் ஆபத்தானது. மற்றவர்களுக்கும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்தே கொடுங்கள்.

தாழ்ந்த இமையைத் தலைவலியின் கணக்கில் சேர்ப்பது

காயத்துக்குப் பின் இமை தாழ்ந்து, கண்பாவை சுருங்கி, கழுத்தும் வலித்தால், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். மூளையின் சாதாரண சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதால், பக்கவாதம் முந்திக்கொள்வதற்குள், அன்றே கழுத்து ரத்தக்குழாய்களைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேட்காதது

வந்து வந்து போகும் ஒருபக்க வலியில், எந்த வகை என்று பிரித்தறிய இதுவே முதல் கேள்வி: பராக்சிஸ்மல் ஹெமிக்ரேனியா என்ற வகையில் ஒவ்வொரு முறையும் 2 முதல் 30 நிமிடம், கிளஸ்டர் தலைவலி என்ற வகையில் 15 முதல் 180 நிமிடம்.

மாத்திரை நாட்களை எண்ணாதது

சாதாரண வலிமாத்திரையே ஆனாலும், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே தலைவலியை வளர்க்கும்.