சுங்கை சிப்புட் போகிறீர்களா? தடுப்பூசிப் புத்தகத்தை முதலில் எடுத்து வையுங்கள்

லண்டனிலிருந்தோ மெல்பர்னிலிருந்தோ பிள்ளைகளோடு மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டுக்கு வருபவர்கள் சாக்லேட்டுக்கு முன்னால் பெட்டியில் வைக்க வேண்டியது தடுப்பூசிப் புத்தகம். முன்பு தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸருக்கு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று மனப்பாடமாகத் தெரியும். சனங்கள் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு மாறிய பிறகு அந்த வேலையை அரசுக் கிளினிக்குகளான கிளினிக் டேசாவும் (கிராமக் கிளினிக்) கிளினிக் கெசிஹாத்தானும் (சுகாதாரக் கிளினிக்) பார்க்கின்றன. அங்குள்ள மிஸ்ஸிக்கு (நர்ஸுக்கு) உங்கள் பிள்ளையைத் தெரியாது. எழுதி வைத்த தேதியைத்தான் அவர் நம்ப முடியும்.

அந்தத் தேதியிலேயே தவறு நேர்கிறது. அமெரிக்காவில் 04/07/2024 என்றால் ஏப்ரல் 7. மலேசியாவில் அதையே ஜூலை 4 என்று படிப்பார்கள். அடுத்த ஊசியின் கணக்கு மூன்று மாதம் தள்ளிப்போய்விடும். மாதத்தை எழுத்தில் எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தின் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, எந்தெந்த நோய்க்கு என்பதும் பக்கத்தில் இருக்கட்டும். தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான், போலியோ, ஹிப் கிருமி நோய், ஹெபடைடிஸ் பி என்ற ஆறு நோய்களையும் ஒன்றாகத் தடுக்கும் ஊசி நாட்டுக்கு நாடு வேறு பெயரில் வருகிறது.

அதிகம் கவனிக்க வேண்டியது தட்டம்மை. மலேசியப் பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 12 மாதத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முதல் ஊசியே 12 மாதத்தில்தான். பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ வந்தால், கூட்டத்தில் பாதுகாப்பு இல்லாதது உங்கள் குழந்தைதான். 6 மாதம் நிறைந்திருந்தால் புறப்படும் நாட்டிலேயே ஓர் ஊசி முன்கூட்டிப் போடலாமா என்று கேளுங்கள், பயணத்துக்கு இரண்டு வாரமாவது முன்னதாக. அந்த ஊசி கணக்கில் சேராது. ஒரு வயதுக்குப் பிறகு போட வேண்டிய இரண்டையும் போட்டே ஆக வேண்டும். "அதான் போட்டாச்சே" என்று நிறுத்திவிடுவது இங்கேதான்.

ஆறு நோய்க்கான ஊசி மலேசியாவில் 2, 3, 5, 18 மாதங்களில். நீங்கள் தங்கும் நாட்களில் இவற்றில் ஏதாவது ஒன்றின் முறை வந்தால் கிளினிக்கிலேயே கேட்கலாம். பிறப்புப் பத்திரம், பாஸ்போர்ட் இரண்டும் கையில் இருக்கட்டும். மலேசியக் குடிமக்களான பிள்ளைகளுக்கு இலவசம், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் கட்டணத்தை முதலிலேயே விசாரியுங்கள். நினைத்த நாளில் போய் நிற்காதீர்கள். காசநோய்த் தடுப்பூசி மருந்து ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கு வருவது, கலக்கினால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் சிறிய கிளினிக்குகள் குழந்தைகளைச் சேர்த்து ஒரு நாள் குறிப்பதுண்டு. போன் செய்து கேட்டுவிட்டு, காலை 8 மணிக்கே போய் நம்பர் எடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஊசிக் கணக்கு உண்டு. செம்பனை மட்டையின் முள் ஆழமாக ஏறும், மண்ணும் கூடவே போகும். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் புறப்படும் முன் போட்டுக்கொள்ளுங்கள். அழுக்கான ஆழமான காயம் என்றால் 5 ஆண்டு கடந்திருந்தாலே இன்னொன்று தேவைப்படும். தொண்டை அடைப்பான் நோய்க்கும் சேர்த்துப் போடும் ஊசியே நல்லது. அந்த நோய் 2016-இல் மலேசியாவில் பிள்ளைகளைப் பலிகொண்டது.

வீட்டில் 60 வயது தாண்டிய அம்மா அப்பாவுக்குச் சர்க்கரையோ இருதய நோயோ இருந்தால், வந்த முதல் வாரத்திலேயே கிளினிக்குக்குக் கூட்டிப்போய் இன்ஃபுளுவென்சா ஊசி பற்றிக் கேளுங்கள். பலன் வர இரண்டு வாரம் ஆகும்.

நாய் கடித்தால் மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் ஊசி தேவை என்று டாக்டர் முடிவு செய்தால், முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 14-ஆம் நாட்களிலும் வரச் சொல்வார்கள். இடையில் விமானம் ஏற வேண்டியிருந்தால் மருந்தின் பெயர், போட்ட தேதிகள், மீதி ஊசிகள் எல்லாம் எழுதிய கடிதத்தை டாக்டரிடம் வாங்கிக் கைப்பையில் வையுங்கள். இறங்கிய ஊரில் குறித்த நாளிலேயே அடுத்த ஊசியைத் தொடருங்கள்.