தாவரப் பூச்சிக்கொல்லியிலிருந்து குளத்து மீன்களைக் காக்கும் முறை

செடியிலிருந்து எடுத்த மருந்துதானே என்று குளக்கரைப் பயிருக்குக் கவலையின்றித் தெளிப்பது பெரும் தவறு. டெர்ரிஸ் என்னும் கொடியின் வேரில் கிடைக்கும் ரோட்டினோன் என்ற நஞ்சையும் இலுப்பைப் புண்ணாக்கையும், வேண்டாத மீன்களை ஒழிப்பதற்கென்றே மீன் வளர்ப்போர் குளத்தில் இட்டு வந்திருக்கிறார்கள். ரோட்டினோன், உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடுகிறது; இலுப்பையிலுள்ள சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் செவுளைப் புண்ணாக்கி, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது; பைரெத்ரம் பூவின் நஞ்சு நரம்புகளைத் தாக்குகிறது. வேம்பு இவற்றைவிட மென்மையானதுதான் என்றாலும், அளவு மீறி நீரில் கலந்தால் அதுவும் செவுளையும் கல்லீரலையும் கெடுக்கும்.

காற்று குளத்தை நோக்கி வீசும்போதும், மழை வரும் அறிகுறி இருக்கும்போதும் தெளிக்கக் கூடாது. பயிருக்கும் நீருக்கும் இடையே புல் அடர்ந்த பட்டை ஒன்றை விட்டுவைத்தால், வழிந்தோடும் மருந்தில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். தெளிப்பானைக் குளத்தில் இறங்கிக் கழுவும் பழக்கத்தையே நான் எல்லாவற்றிலும் கொடியதாகக் கருதுகிறேன். கழுவிய நீரை, மருந்தடித்த பயிரின் மீதே தெளித்துவிட வேண்டும். இம்மருந்துகள் வெயிலில் விரைவாகச் சிதையும் என்பது இலைமேல் பட்ட துளிக்குப் பொருந்துமே தவிர, வெளிச்சம் எட்டாத கலங்கல் நீருக்கு அப்படியே பொருந்தாது.

தெளித்த பிறகு சில நாட்கள் குளத்தைக் கூர்ந்து கவனியுங்கள். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவதும், செவுள் மூடி படபடவென்று அடித்துக்கொள்வதும், உடலில் வழக்கத்தைவிட அதிகமாகக் கோழை படர்வதும், நிலைதடுமாறிச் சுழன்று நீந்துவதும் நஞ்சின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் ஆக்சிஜன் குறைந்தாலும் மீன்கள் மேலே வந்து திணறும். அது பெரும்பாலும் விடியற்காலையில் நேரும், பெரிய மீன்களே முதலில் சாகும். நஞ்சென்றால் எந்த வேளையிலும் நேரும், பெரும்பாலும் குஞ்சுகளே முதலில் மிதக்கும்.

அறிகுறி தென்பட்டவுடன் வயல்நீர் வரும் மடையை அடைத்து, தூய நீரைப் பாய்ச்சிக் காற்றூட்டுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள். செத்த மீன்களை உண்ணாமல் நீர்நிலைக்கு அப்பால் ஆழப் புதைக்க வேண்டும்.

இலுப்பைப் புண்ணாக்கு இட்ட குளத்தில் நஞ்சு முறிய 2 முதல் 3 வாரங்கள் ஆகலாம். அதன்பின்னும், சில குஞ்சுகளை வலைக்கூண்டில் இட்டு ஒரு நாள் முழுவதும் நீரில் வைத்துப் பார்த்து, அவை துடிப்பாக நீந்தினால் மட்டுமே மற்றவற்றை விட வேண்டும்.