முறிந்த ஸ்டட்டை விட மோசமானது, முறிந்த பிறகு காட்டும் அவசரம்

இலவம்பாடி, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து கத்திரிக்காய் மூட்டையோடு வேலூர் மார்க்கெட்டுக்கு வருகிறவர்களில் பலர் இன்னும் பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்தான் வைத்திருக்கிறார்கள். போன மாதம் காட்பாடியில் என் பட்டறைக்கு அப்படி ஒரு பெரியவர் வந்தார். "வண்டி திடீர்னு டமடமன்னு கத்துது தம்பி, என்னன்னு பாரு" என்றார். சைலன்சரைப் பிளாக்கோடு, அதாவது இன்ஜினின் சிலிண்டரோடு, பிடிக்கும் இரண்டு ஸ்டட்டில் (இரண்டு முனையிலும் மரை வெட்டிய சின்னக் கம்பி) ஒன்று முறிந்திருந்தது. அது பெரிய விஷயமில்லை. ஆனால் முறிந்த இடத்தைச் சுற்றி அலுமினியத்தில் மூன்று ஓட்டைகள் இருந்தன. வழியில் யாரோ உதவி செய்கிறேன் என்று டிரில்லை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அரை நாளில் முடிய வேண்டிய வேலை பிளாக்கையே மாற்றலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டது.

மொபெட் ஆனாலும் சரி, சைக்கிளில் மாட்டுகிற சின்ன மோட்டார் ஆனாலும் சரி, இந்த ஸ்டட்டுகள் பெரும்பாலும் 6 எம்எம்தான். ஸ்டட் இரும்பு, பிளாக் அலுமினியம். இரண்டும் சேர்ந்த இடத்தில் ஈரம் பட்டால் உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக ஒன்று படியும். அது மரைக்குள் இறுகி, ஸ்டட்டைப் பசை போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். இதற்கு மேல் சைலன்சர் சூடு, ஆட்டம். அதனால் ஸ்பேனரைப் பிடித்து ஒரே மூச்சாகத் திருப்பினால் மரை விடாது, ஸ்டட்டின் கழுத்துதான் விடும். பாதி ஸ்டட்டுகள் ஓடும்போது முறிவதில்லை, கழற்றும்போதுதான் முறிகின்றன.

முறிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை. அந்த மிச்சத் துண்டு தங்கம். அதைக் கட்டிங் பிளேயரால் கடித்து உருட்டிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மரை மழுங்கிவிட்டால் அப்புறம் எதுவும் பிடிக்காது. இரண்டு நட்டு போடுகிற அளவுக்கு நீளம் இருந்தால் இரண்டையும் மாட்டி, ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள்பக்க நட்டில் ஸ்பேனர் வைத்து இடப்பக்கம் திருப்புங்கள். அதற்கு நீளம் போதாதா? துண்டின் இரண்டு பக்கத்தையும் அரத்தால் பட்டையாக அராவி ஸ்பேனர் பிடிக்க வழி செய்யுங்கள். கிரிப் பிளையர் அதற்கும் பிறகுதான்.

எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு ஐந்து நிமிடத்தில் திருப்புகிறவர்களும் உண்டு. துரு இளக்கும் எண்ணெய் மரை வழியாக உள்ளே இறங்க நேரம் வேண்டும். மாலையில் விட்டு, ஸ்டட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் நேராக, மெதுவாக நாலு தட்டு தட்டி, மறுநாள் காலையில் தொடுங்கள். பக்கவாட்டில் தட்டினால் மிச்சமும் முறியும்.

எண்ணெய்க்கும் அசையவில்லை என்றால் சூடு. அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் சூடு காட்ட வேண்டியது ஸ்டட்டுக்கு அல்ல, அதைச் சுற்றியிருக்கிற அலுமினியத்துக்கு. இங்கேதான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். தண்ணீர்ச் சொட்டு விட்டால் சுர்ரென்று ஓடுகிற சூடு போதும். சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும், பிளாக்கில் இருக்கிற கலவை அதற்கும் முன்பே. உருகுவதற்கு முன் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்காது, சட்டென்று சரிந்துவிடும். சூடு இருக்கும்போதே மெழுகுவத்தியை ஸ்டட்டின் அடியில் தொட்டுப் பாருங்கள். மெழுகு உருகி, மரை இடுக்குக்குள் உறிஞ்சப்படுவது கண்ணுக்கே தெரியும். பிறகு கால் சுற்று இடம், கால் சுற்று வலம் என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். சூடாக இருக்கிற பிளாக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். இதையெல்லாம் செய்வதற்கு முன் பெட்ரோல் டேங்கையும் கார்புரேட்டரையும் கழற்றித் தள்ளி வைத்திருக்க வேண்டும். இதை மட்டும் யாரும் "பரவாயில்லை" என்று விட்டுவிடக்கூடாது.

ஸ்டட் பிளாக்கோடு மட்டமாக முறிந்திருந்தால் நான் முதலில் போவது வெல்டிங் பட்டறைக்கு. முறிந்த இடத்தின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள்ளேயே வெல்டு வைத்து நிரப்பினால், அது ஸ்டட்டோடு ஒட்டும். இரும்புக்கான ராடு அலுமினியத்தில் சரியாக ஒட்டாது என்பது நமக்குச் சாதகம். அந்தச் சூடே மரையையும் இளக்கும். சிவப்பு அடங்கியதும் நட்டில் ஸ்பேனர் போட்டு ஆட்டலாம். முதல் தடவை நட்டு பிய்ந்து வந்தால் மனம் தளராதீர்கள், மூன்றாவது நட்டில் வந்த ஸ்டட்டுகள் எத்தனையோ. பிளாக்கை இன்ஜினிலிருந்து கழற்றி எடுத்துப் போவதே நல்லது. வண்டியிலேயே வைத்து வெல்டு செய்தால் எர்த் கிளிப்பைப் பிளாக்கிலேயே மாட்டச் சொல்லுங்கள். ஃபிரேமின் அந்தக் கோடியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும்.

டிரில் போடுவது கடைசி வழி. முறிந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதைத் தேய்த்துச் சமமாக்காமல், நடுவில் சென்டர் பஞ்ச் அடித்துச் சின்னக் குழி போடாமல் டிரில் வைத்தால் பிட் இரும்பை விட்டு வழுக்கி, மென்மையான அலுமினியத்துக்குள் போய்விடும். பெரியவரின் வண்டியில் நடந்தது அதுதான். துகளைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக வந்தால் இரும்பு, சரியான பாதை. வெள்ளையாகப் பளபளவென்று வந்தால் உடனே நிறுத்துங்கள். முதலில் 3 எம்எம், பிறகு 4, கடைசியில் 5. மெதுவான வேகம், ஒவ்வொரு சொட்டாக எண்ணெய். ஆழம் தெரிய பிட்டில் ஒட்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், அதிகம் போனால் உள்ளே புகை போகிற வழியில் ஓட்டை விழும். நடுவில் சரியாகப் போயிருந்தால் 5 எம்எம் முடிந்ததும் மிச்சம் இருப்பது பழைய மரையின் மெல்லிய சுருள்தான். கூர்முனை ஊசியால் நுனியைக் கிளப்பி இழுத்தால் ஸ்பிரிங் மாதிரி வரும். அதைப் பார்க்கிற சந்தோஷம் இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

ஈஸி அவுட் பற்றி, அதாவது முறிந்த ஸ்டட்டில் துளை போட்டு உள்ளே இறக்கி இடப்பக்கம் திருப்பி எடுக்கும் கருவி பற்றி, எச்சரிக்கையாகச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு மாணவர் சைக்கிளில் மாட்டியிருந்த சின்ன இன்ஜினைக் கொண்டு வந்தார். 3 எம்எம் துளை போட்டு ஈஸி அவுட்டை இறக்கித் திருப்பினேன். இறுகிய ஸ்டட்டுக்குள் அது ஆப்பு மாதிரிப் போய், ஸ்டட்டை இன்னும் விரித்துப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் பலம் கொடுத்தேன், டிக். உள்ளேயே முறிந்தது. ஈஸி அவுட் கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் பிட் அதைக் கீறக்கூட முடியாது. மரை வெட்டுகிற டேப்பும் அப்படித்தான். கடைசியில் தீப்பொறியால் அரித்தெடுக்கும் மெஷின் இருந்த ஒரு டூல் ரூமுக்கு, சென்னைக்கு அனுப்பி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவை நான்தான் ஏற்றேன். இவ்வளவு சின்ன ஸ்டட்டில், சூட்டிலும் எண்ணெயிலும் கொஞ்சமாவது அசையாத எதற்கும் இப்போது நான் ஈஸி அவுட் போடுவதில்லை.

மரை போய்விட்டால் எபாக்சி பசையை அடைத்துப் புது ஸ்டட்டைச் சொருகுகிறார்கள். சைலன்சர் சூட்டில் அது நிற்காது. ஹெலிகாயில் (மரைக்குப் பதிலாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போடுங்கள், இல்லாவிட்டால் லேத் பட்டறையில் புஷ், அதாவது உலோகக் குழல், போட்டு மறுபடி 6 எம்எம் மரை வெட்டச் சொல்லுங்கள். துளையைச் சுற்றி அலுமினியம் போதிய அளவு இருந்தால் 8 எம்எம் ஸ்டட்டுக்கு மாறலாம்.

துகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. சிலிண்டரிலிருந்து சைலன்சருக்குப் புகை வெளியேறும் வாய் பக்கத்திலேயே இருக்கிறது. பிளாக்கைக் கழற்றவில்லை என்றால் பிஸ்டனை மேலே கொண்டு வந்து வாயை மூடி, துணியும் அடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துகள் உள்ளே போனாலும் சிலிண்டரில் கோடு விழும்.

புது ஸ்டட்டைக் காய்ந்த மரையில் மாட்டாதீர்கள். காப்பர் கிரீஸ் கொஞ்சம் தடவி, கையாலேயே அடி வரை போகிறதா என்று பாருங்கள். சைலன்சருக்கும் பிளாக்குக்கும் நடுவில் புது பேக்கிங் போடுங்கள். நட்டை இறுக்கச் சின்ன ஸ்பேனரே போதும், 6 எம்எம் ஸ்டட் 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கைத்தான் கேட்கிறது. சைலன்சரின் பின்பக்க பிராக்கெட் லூசாக இருந்தால் அதையும் பிடியுங்கள். முழு எடையும் முன்னால் இருக்கிற இரண்டு ஸ்டட்டில் தொங்கினால் மறுபடியும் முறியும்.

பெரியவரின் பிளாக்கில் மூன்று ஓட்டையையும் சேர்த்துப் பெரிதாக்கி, புஷ் போட்டுத் தந்தேன். மறுநாள் மார்க்கெட் முடிந்து, வண்டி ஆறிய பிறகு மறுபடி வரச் சொன்னேன். வந்தார். இறுக்கிப் பார்த்தபோது ஒரு நட்டு இன்னும் கால் சுற்று இறங்கியது.