இணையவழித் தேர்வு: முதல்முறை நடத்தும் ஆசிரியருக்கு ஒரு செய்முறை

கல்லூரி மாணவர்களுக்கு இணையவழியில் தேர்வு வைக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "எந்த மென்பொருள்?" என்பதாகத்தான் இருக்கும். அதை முடிவு செய்ய அதிக நேரம் ஆகாது. உண்மையான உழைப்பு கேள்வி எழுதுவதிலும், தேர்வு முடிந்தபின் விடைகளைப் படிப்பதிலும் இருக்கிறது. அதனால் இந்த விளக்கத்தில் அந்த இரண்டுக்கும்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எதற்காக இந்தத் தேர்வு?

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "இந்தத் தேர்வு முடிந்ததும் எனக்கு என்ன தெரிய வேண்டும்?" போன வாரப் பாடம் புரிந்ததா என்று பார்க்கவா, இறுதி மதிப்பெண்ணில் சேர்க்கவா? இரண்டுக்கும் அமைப்பு வேறு.

முதல்முறை என்றால், பத்துக் கேள்வி கொண்ட சிறு தேர்வில் தொடங்குங்கள். சிறு தேர்வுகளே படிப்புக்கும் உதவுகின்றன. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்தே நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு படித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்று வரும் மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள், காரணம் புரியும்.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் பல்கலைக்கழகத்தில் மூடுல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடமும் தேர்வும் இணையவழியில் நடத்த உதவும், 2002 முதல் இருக்கும் இலவச மென்பொருள் அது. மாணவர் பட்டியல், மதிப்பெண் பதிவேடு எல்லாம் ஏற்கெனவே அதற்குள் இருக்கும். அது இல்லையென்றால் கூகுள் ஃபார்ம்ஸ். செட்டிங்ஸில் குவிஸ் என்பதை ஆன் செய்து, ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையையும் மதிப்பெண்ணையும் குறித்தால் போதும், அதுவே திருத்திவிடும். வகுப்பிலேயே வைக்கும் சிறு தேர்வுக்கு அது தாராளம். வினா வங்கியும் (கேள்விகளைச் சேர்த்து வைக்கும் இடம்) மாணவருக்கு மாணவர் நேர வரம்பும் வேண்டுமென்றால் மூடுல்தான். இனி சொல்லப்போவது அதை வைத்துத்தான்.

படி 3: கேள்விகள்

பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. நான்கு விடைகள் கொண்ட 20 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தாலும் சராசரியாக 5 சரியாகிவிடும். சரியா தவறா வகை என்றால் 10. ஆகவே தவறான விடைகளை ஒப்புக்கு எழுதாதீர்கள். மாணவர்கள் உண்மையாகவே செய்யும் தவறுகளிலிருந்து அவற்றை எடுங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு: "ஐந்து பேரின் மதிப்பெண்கள் 40, 45, 50, 55, 60. கடைசி மதிப்பெண் 100 என்று திருத்தப்படுகிறது. சராசரியும் இடைநிலை அளவும் என்ன ஆகும்?" சராசரி 50இலிருந்து 58 ஆகிறது, இடைநிலை அளவு, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் மதிப்பு, 50ஆகவே நிற்கிறது. தவறான விடைகளாக "இரண்டும் உயரும்", "இரண்டும் மாறாது", "இடைநிலை அளவு மட்டும் உயரும்" என்று வைக்கிறேன். "இரண்டும் உயரும்" என்று குறித்தவருக்கு இடைநிலை அளவு புரியவில்லை. மூன்றாவதைக் குறித்தவர் இரண்டின் பெயரையும் மாற்றி நினைவில் வைத்திருக்கலாம். தவறான விடையே எனக்கு ஒரு செய்தி சொல்லிவிடுகிறது. "இடைநிலை அளவு என்றால் என்ன?" என்று கேட்டிருந்தால் இது எதுவும் கிடைத்திருக்காது. வரையறையைத் தேடி எடுக்க ஒரு நொடி போதும்.

"மேற்கண்ட அனைத்தும்" என்ற விடையைத் தவிர்த்துவிடுங்கள். விடைகளின் வரிசையைக் கலைத்தால் அது முதலிடத்தில் வந்து நிற்கும். எண் விடை கேட்கும் கேள்வியில், எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம் என்பதைக் குறிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 3.33 என்று எழுதியவருக்கு மதிப்பெண்ணும் 3.3 என்று எழுதியவருக்குப் பூஜ்ஜியமும் விழும்.

எழுதிய கேள்விகளை வினா வங்கியில் தலைப்புவாரியாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு தலைப்பில் 12 கேள்வி இருந்தால், அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஏதேனும் 4 வரும்படி அமைக்கலாம். அந்த 12ம் ஏறக்குறைய ஒரே கடினத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் சிலருக்கு அநியாயமாகிவிடும்.

படி 4: நேரமும் மற்ற அமைப்புகளும்

தொடங்கும் நேரம், மூடும் நேரம், நேர வரம்பு என்று மூன்று இருக்கும். முதன்முதலில் தேர்வு வைத்தபோது நேர வரம்பை 30 நிமிடமாக வைத்து, தேர்வு மூடும் நேரத்தையும் தொடங்கியதிலிருந்து சரியாக 30 நிமிடத்தில் வைத்துவிட்டேன். இணைப்பு கிடைக்காமல் 12 நிமிடம் தாமதமாக வந்த மாணவிக்கு மிஞ்சியது 18 நிமிடம்தான். மூடும் நேரம் வந்தால் நேர வரம்பு மீதியிருந்தாலும் தேர்வு மூடிவிடும். அந்த மாணவிக்கு மறுதேர்வு வைத்தேன். அன்றிலிருந்து மூடும் நேரத்தை, நேர வரம்பு முடிவதைவிட நன்றாகத் தள்ளித்தான் வைக்கிறேன்.

கூடுதல் நேரம் தேவைப்படும் மாணவர் இருந்தால், அவருக்கு மட்டும் தனி வரம்பு வைக்கும் வசதி உண்டு. நேரம் முடிந்ததும், அதுவரை எழுதிய விடைகள் தானாகச் சமர்ப்பிக்கப்படும்படி விடுங்கள். சரியான விடைகள் தேர்வு எல்லோருக்கும் முடிந்தபின்தான் தெரிய வேண்டும்.

அப்புறம், முன்னோட்டம் என்ற பொத்தானை அழுத்தி நீங்களே ஒருமுறை முழுத் தேர்வையும் எழுதிப் பாருங்கள். கைப்பேசியிலும் பாருங்கள். மாணவர்களுக்கு மதிப்பெண் இல்லாத மூன்று கேள்வி ஒத்திகை ஒன்றை முந்தைய நாளே கொடுத்துவிட்டால், லாகின் சிக்கல்கள் அன்றே வெளியே வந்துவிடும்.

படி 5: காப்பி அடிப்பது

சேஃப் எக்ஸாம் பிரௌசர் என்ற இலவசக் கருவி, தேர்வு முடியும்வரை அந்தக் கணினியில் வேறு எதையும் திறக்க விடாது. ஆய்வகத்தில் நடக்கும் தேர்வுக்கு நல்லது. வீட்டிலிருந்து எழுதுபவரின் பக்கத்தில் இருக்கும் கைப்பேசியை அது எதுவும் செய்யாது. வீட்டுத் தேர்வு என்றால் புத்தகம் திறந்திருக்கும் என்று எண்ணியே கேள்வியை அமையுங்கள். மதிப்பெண் முக்கியமான தேர்வென்றால் ஆய்வகத்திலேயே வையுங்கள்.

படி 6: முடிந்தபின்

மதிப்பெண்ணை வெளியிடும் முன் மூடுலின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். எளிமைக் குறியீடு, அந்தக் கேள்வியில் மாணவர்கள் சராசரியாக எத்தனை சதவீத மதிப்பெண் பெற்றார்கள் என்று சொல்லும். நான்கு விடை கொண்ட கேள்வியில் அது 25க்கு அருகில் இருந்தால் வகுப்பே ஊகித்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பிரித்தறியும் குறியீடு. மொத்தத்தில் நன்றாக எழுதியவர்கள் இந்தக் கேள்வியிலும் நன்றாக எழுதினார்களா என்பதை அது காட்டும். அது மைனஸில் இருந்தால், நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாகக் குறித்திருக்கிறார்கள். முதல் வேலையாக விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பல சமயம் நாம்தான் தவறான விடையைச் சரி என்று குறித்து வைத்திருப்போம். கேள்வியைத் திருத்தி மறுமதிப்பீடு கொடுத்தால் எல்லோருடைய மதிப்பெண்ணும் தானாக மாறிவிடும். ஏன் மாறியது என்பதை மாணவர்களுக்கு இரண்டு வரியில் எழுதி, மதிப்பெண்ணோடு சேர்த்தே அனுப்புங்கள்.